அழுதால் போன்... அதன் பிறகு?

மாலை ஏழு மணி. அனகாபுத்தூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்ட ஊர். இப்போது தறிகள் குறைந்துவிட்டன. அந்த நேரத்தில் பக்கத்து வீடு வரை கேட்பது நான்கு வயதுப் பையன் ஒருவனின் அலறல்.

அம்மா தாம்பரம் மெப்ஸில் ஷிப்ட் முடித்து, பல்லாவரத்தில் பஸ் மாறி, இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். அடுப்பில் குக்கர். பையனுக்குப் போன் வேண்டும். "சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்டா" என்கிறார் அம்மா. பையன் தரையில் விழுந்து புரள்கிறான். தட்டு பறக்கிறது. சோறு சுவரெல்லாம் ஒட்டுகிறது.

"முதுகுல ரெண்டு வெச்சா சரியாயிடும். நாங்கல்லாம் அப்படித்தான் வளர்த்தோம்" என்கிறார் பாட்டி.

"அக்கா, போனைக் குடுத்துடுங்க. எங்க வீட்டுக் குட்டி அப்பதான் அடங்கும்" என்று வாசலில் நின்று சொல்கிறார் பக்கத்து வீட்டுப் பெண்.

அம்மா போனைக் கொடுக்கிறார். இரண்டே விநாடியில் அழுகை நின்றுவிடுகிறது. வீடு அமைதியாகிறது. அம்மாவுக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்துகிறது. 'என் வளர்ப்புதான் சரியில்லையோ?'

கற்பனை வீடுதான். ஆனால், இதைப் படிக்கும் பல வீடுகளில் நேற்று நடந்ததும் இதுதான். இந்த உறுத்தலுக்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் அதே போனுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

இருவருக்கும் கிடைக்கும் பரிசு

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன், அடம் பிடிக்கும் குழந்தைகள் உள்ள குடும்பங்களை அவர்களின் வீட்டுக்கே போய் கவனித்து ஆராய்ந்தவர். 1982ல் வெளியான அவருடைய புத்தகம் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. அவர் கண்டு சொன்ன விஷயம் எளிமையானது. குழந்தை கத்துகிறது. பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார்கள். குழந்தைக்குக் கேட்டது கிடைக்கிறது. பெற்றோருக்கு நிம்மதி கிடைக்கிறது. இருவருக்குமே பரிசு! எனவே, அடுத்த முறையும் இருவரும் அதையே செய்கிறார்கள்.

ஒரு நாள் அம்மா உறுதியாக நிற்கிறார். குழந்தை இன்னும் பலமாகக் கத்துகிறது. இருபதாவது நிமிடம் அம்மா களைத்துப்போய்க் கொடுத்துவிடுகிறார். அன்று குழந்தை கற்றுக்கொண்டது, 'இருபது நிமிடம் கத்தினால் கிடைக்கும்' என்ற பாடம்.

அடிக்கும் வீட்டிலும் இதே கணக்குதான். அடித்ததும் குழந்தை அடங்குகிறது. 'அடிதான் வேலை செய்கிறது' என்று பெரியவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். சில நாளில் அந்த அடி போதாமல் போகிறது. கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டியிருக்கிறது. 'கோபம் வந்தால் கை நீட்டலாம்' என்று குழந்தையும் கற்றுக்கொள்கிறது. பள்ளியில் ஆசிரியர் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டுக்குள் அந்த முடிவைப் பெற்றோர்தான் எடுக்க வேண்டும்.

இந்தச் சுழலில் இன்று புதிதாகச் சேர்ந்திருப்பது போன். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளையும் அவர்களின் 422 பெற்றோர், பராமரிப்பாளர்களையும் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்து, 2022 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தையைச் சமாதானப்படுத்த அடிக்கடி போனைக் கொடுப்பதற்கும், பிறகு அந்தக் குழந்தையின் உணர்ச்சிக் கொந்தளிப்பு அதிகமாவதற்கும் தொடர்பு இருந்தது. ஆண் குழந்தைகளிடமும், ஏற்கெனவே துறுதுறுவென்று பொறுமையில்லாமல் இருந்த குழந்தைகளிடமும் இது கூடுதலாகத் தெரிந்தது. எப்போதாவது கொடுப்பதில் பெரிய குற்றம் இல்லை. அழுகைக்கு ஒரே மருந்தாக அதுவே ஆகிவிட்டால், தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் பழக்கம் குழந்தைக்கு வர வாய்ப்பில்லாமல் போகிறது.

பாடம் பெரியவர்களுக்கு

அடம், கத்தல், அடித்தல், பொருட்களை வீசுதல் போன்றவற்றுக்குச் சிறு வயதில் உலகம் முழுக்க முதலில் பரிந்துரைக்கப்படுவது, பெற்றோருக்கான பயிற்சி. 'கோளாறு பெற்றோரிடம்' என்பதற்காக இப்படிச் செய்வதில்லை. நான்கு வயதுக் குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர்கள் பெற்றோர்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கும் நிபுணரைவிட அவர்களால்தான் அதிகம் மாற்ற முடியும்.

சிக்கல், அந்தப் பயிற்சிக்குப் போவதில்தான். அனகாபுத்தூரிலிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போக பஸ், பிறகு பல்லாவரத்திலிருந்து ரயில். ஒரு நாள் சம்பளம் போய்விடும். வாரம் ஒரு முறை பத்து வாரம் என்றால், வேலையே போய்விடும். போதாததற்கு, "பையனை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்களாமே" என்ற பேச்சு வேறு.

இதே தயக்கமும் தூரமும் பின்லாந்திலும் இருந்தன. அதற்கு அவர்கள் கண்ட வழியில் போன் முக்கியப் பங்கு வகிக்கிறது.

டுர்கு பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே சௌராந்தர் தலைமையிலான குழு, கனடாவில் உருவான ஒரு பயிற்சித் திட்டத்தைத் தங்கள் நாட்டுக்கு ஏற்ப மாற்றியது. பின்லாந்தில் ஒவ்வொரு குழந்தையும் ஆண்டுதோறும் உள்ளூர் நல மையத்தில் பரிசோதனைக்குப் போகும். அங்கே 4 வயது நிறைந்த 4,656 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடம் கேள்விகள் கேட்டார்கள். 730 குழந்தைகளிடம் கவனிக்க வேண்டிய அளவுக்கு முரட்டுத்தனமும் அடமும் இருந்தன. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் மட்டும் இல்லை!

அவர்களில் 464 குடும்பங்கள் ஆய்வில் சேர்ந்தன. பாதிப் பேருக்கு, வீட்டிலிருந்தே இணையத்தில் வாரம் ஒரு பாடம் வீதம் 11 பாடங்கள். கூடவே, பயிற்சி பெற்ற ஒருவர் வாரம்தோறும் போனில் அழைப்பார். 'போன வாரம் சொன்னதைச் செய்து பார்த்தீர்களா, எங்கே இடறியது?' என்று கேட்டு, அடுத்த அடி சொல்லித் தருவார். மீதிப் பேருக்கு, பொதுவான ஆலோசனைகள் அடங்கிய இணையதளமும் ஒரே ஒரு போன் அழைப்பும்.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் முன்னேற்றம் இருந்தது. ஆனால், வாராவாரம் பயிற்சி பெற்ற குடும்பங்களில் குழந்தைகளின் முரட்டுத்தனம் தெளிவாகவே அதிகம் குறைந்திருந்தது. 2016ல் இந்த முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. எந்தப் பெற்றோரும் மருத்துவமனைப் படி ஏறவில்லை.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. மற்ற பாதிப் பேருக்கும் தகவல் கிடைக்கத்தான் செய்தது. 'குழந்தை வளர்ப்பு டிப்ஸ்' நம் போனிலும் தினமும் நூறு வந்து விழுகிறது. பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிடுகிறோம். வாரம் ஒரு படி, அதைச் செய்து பார்ப்பது, அதைப் பற்றிக் கேட்க ஒரு மனிதக் குரல். அந்தத் திட்டத்தில் இவை மூன்றும் சேர்ந்திருந்தன.

நம் கைக்கு எட்டுவது என்ன?

பின்லாந்துத் திட்டம் அப்படியே இங்கு இல்லை. ஆனால், அதன் துண்டுகள் இருக்கின்றன.

முதல் துண்டு, 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழில் பேசலாம். 24 மணி நேரமும் இலவசம். 'மனநல எண் என்றால் தற்கொலை எண்ணம் வந்தவர்களுக்குத்தானே' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 'பையன் அடம் தாங்க முடியவில்லை, எனக்கே கை நீளுகிறது' என்றும் பேசலாம். இது 11 வாரப் பயிற்சி ஆகாது. ஆனால், யாரிடம் கேட்பது என்று தெரியாத அம்மாவுக்கு இது முதல் கதவு.

இரண்டாவது, 'பேரன்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த்'. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உள்ளிட்டவை சேர்ந்து வசதி குறைந்த நாடுகளின் குடும்பங்களுக்காக உருவாக்கிய பயிற்சி. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது இதன் ஒருபக்கக் குறிப்புகள் 100க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாகின. வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு சிறு பாடமாகப் பேசும் 'பேரன்ட் டெக்ஸ்ட்' இதன் வழி வந்ததுதான்.

மூன்றாவது, நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981ல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியைப் பயன்படுத்துகிறது. கிராமப் பணியாளர் வீட்டுக்கே போய், செயலியில் குழந்தையின் நிலையைப் பதிந்து, பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார். அடம் பிடிக்கும் குழந்தைகளுக்கான திட்டம் இல்லை இது. ஆனாலும் அங்கேயும் பலன் தரும் சேர்க்கை அதேதான்: கையில் ஒரு செயலி, பக்கத்தில் ஒரு மனிதர்.

இன்று இரவே தொடங்கலாம்

இத்தகைய பயிற்சிகளில் பொதுவாகச் சொல்லித் தரப்படுபவை, நம் வீட்டு மொழியில் இவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

முதல் வாரம், குறித்து வைத்தல். ஒவ்வொரு அடத்துக்குப் பிறகும், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொள்ளுங்கள். மூன்றே விஷயம்: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம். ஏழு நாள் கழித்துக் கேட்டால் ஒரு ஒழுங்கு தெரியும். ஏழு மணி அடத்துக்குக் காரணம் பசியாக இருக்கலாம். மதியத் தூக்கம் தவறியதாக இருக்கலாம். அப்படியென்றால், அம்மா வரும் முன்பே ஆறு மணிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாலே பாதி அடம் குறையலாம்.

இரண்டாவது வாரம், பத்து நிமிடம். போனில் பத்து நிமிட டைமர் வைத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வையுங்கள். அந்தப் பத்து நிமிடமும் விளையாட்டு அவன் இஷ்டம். பாடம், கேள்வி, திருத்தம் எதுவும் வேண்டாம். கத்தினால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பார் என்ற நிலை மாற, கத்தாமலே கிடைக்கும் இந்தக் கவனம்தான் அஸ்திவாரம்.

மூன்றாவது வாரம், பெயர் சொல்லிப் பாராட்டு. 'சமர்த்து' என்றால் எதற்கென்று குழந்தைக்குப் புரியாது. "தட்டைக் கீழே போடாம எடுத்து வெச்சியே, சூப்பர்டா" என்றால் புரியும். நாம் பெரும்பாலும் தவறைத்தான் கவனிக்கிறோம். சும்மா உட்கார்ந்து விளையாடும் நேரத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான்காவது வாரம், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. சமையலறையிலிருந்து "கத்தாதே, ஓடாதே, அதைத் தொடாதே" என்று குரல் கொடுப்பதற்குப் பதில், பக்கத்தில் போய் குனிந்து, "செருப்பைக் கழட்டி இங்கே வை" என்று சொல்லுங்கள். செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள்.

ஐந்தாவது வாரம், கண்டுகொள்ளாமை. சிணுங்கல், வெற்று அலறல் போன்ற ஆபத்தில்லாத அடங்களுக்கு மட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பாருங்கள். அடங்கியதும் உடனே திரும்பிப் பேசுங்கள். முதல் சில நாட்கள் அலறல் கூடும்! 'இத்தனை நாள் வேலை செய்தது ஏன் இப்போது செய்யவில்லை' என்று குழந்தை பலமாகச் சோதித்துப் பார்க்கிறது. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அடிப்பது, கடிப்பது, தெருவுக்கு ஓடுவது போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. உடனே தடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வீடு ஒரே குரலில் பேச வேண்டும். அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுத்தால், அப்பா இரவு வந்து இரண்டு போட்டால், எல்லாம் வீண். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவே, 'இந்த வாரம் நம் வீட்டு விதி இது' என்று ஒரு மெசேஜ் போடலாம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ். "அத்தை, ஒரு வாரம் மட்டும் இப்படிச் செஞ்சு பார்ப்போம்" என்று கேட்டால் மறுக்கும் மாமியார்கள் குறைவு.

வாராவாரம் விசாரிக்கும் அந்தக் குரல்? அதே அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் இன்னொரு அம்மாவோடு, ஞாயிறுதோறும் பத்து நிமிடம் போனில் பேச ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. 'செய்து பார்த்தியா?' என்று கேட்டால் போதும்.

போனைத் திரும்ப வாங்குவது எப்படி?

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. 'இன்னும் ரெண்டு நிமிஷம்தான்' என்ற எச்சரிக்கை சிறு குழந்தைகளின் அழுகையைக் குறைக்கவில்லை, கூட்டியது. எப்போது அழுகை குறைந்தது? படம் தானாக முடிந்தபோது, சார்ஜ் தீர்ந்தபோது, அல்லது 'சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கதை, அப்புறம் தூக்கம்' என்று தினசரி வழக்கமாக இருந்தபோது. அம்மாவோடு வாதாடலாம்; முடிந்துபோன வீடியோவோடு வாதாட முடியாது அல்லவா?

எனவே, யூடியூபில் 'ஆட்டோபிளே'யை அணைத்து வையுங்கள். நேரக் கணக்கு வேண்டாம். 'ஒரு கதை' என்று எண்ணிக் கொடுங்கள். அதுவும் அடம் தொடங்கும் முன்பே, குறித்த நேரத்தில். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 2 வயது வரை திரையே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை, பெரியவர் மேற்பார்வையில் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. குழந்தை அழுது புரள்வதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸிலோ ரீல்ஸிலோ போடாதீர்கள். மருத்துவர் கேட்டால் காட்டுவதற்கு எடுத்து வைக்கலாம். ஊர் சிரிக்க அது பொருள் இல்லை. 'ஏழே நாளில் அடத்தை ஒழிக்கும்' என்று பணம் கேட்கும் செயலிகளையும், காரணமில்லாமல் குழந்தையின் படமும் விவரமும் கேட்கும் செயலிகளையும் தள்ளி வையுங்கள்.

போன் போதாத இடங்கள்

எல்லா அடமும் அடம் இல்லை. பேச்சு தாமதமான குழந்தை, சொல்லத் தெரியாமல் கத்தலாம். காது சரியாகக் கேட்காத குழந்தையைச் 'சொல்பேச்சு கேட்காதவன்' என்று நாம் திட்டிக்கொண்டிருக்கலாம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, பேசிய வார்த்தைகளை இழப்பது, தன்னையோ மற்றவர்களையோ காயப்படுத்துவது, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் தொடரும் முரட்டுத்தனம்... இவற்றில் ஒன்று இருந்தாலும் செயலியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடு என்ற சந்தேகம் இருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று மாறினால், யாராவது அதைத் துன்புறுத்துகிறார்களா என்றும் யோசிக்க வேண்டும். அதற்கு உதவி எண் 1098.

இனி, அந்த அனகாபுத்தூர் வீட்டுக்கு வருவோம். இரண்டு மாதம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையன் இன்னும் அழுகிறான். நான்கு வயதுப் பிள்ளை அழாமல் இருக்குமா? ஆனால் தினமும் இல்லை. அரை மணி நேரமும் இல்லை. ஆறு மணிக்குப் பாட்டி வாழைப்பழம் உரித்துக் கொடுத்துவிடுகிறார். அம்மா வந்ததும் போனில் டைமர் வைத்து, கவிழ்த்துவிட்டு, தரையில் உட்கார்கிறார். பத்து நிமிடம். பையன் காலி டப்பாக்களை அடுக்கி பஸ் ஓட்டுகிறான். அம்மாதான் பயணி.

"பல்லாவரம் ஒரு டிக்கெட் குடுங்க" என்கிறார் அம்மா.

குக்கர் விசில் அடிக்கிறது. இன்றைக்குக் குக்கர் கொஞ்சம் காத்திருக்கும்.